பொம்மை ஜீப்புக்கு ஒரு சாலை

கையகல ஜீப் பொம்மையை நிறுத்த ஒரு மலைச்சாலை செய்கிறேன் என்று உட்கார்ந்தவர், மூன்று வாரமாகச் சாப்பாட்டு மேஜையை விட்டு எழவில்லை. தெர்மாகோலைச் சீவினார், மணலைச் சலித்து ஒட்டினார். கடைசியில் சாலை மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். அது அழகாக ஓரத்துக்கு ஓடியது. சந்தோஷத்தில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போது மனைவியின் தம்பி நொண்டிக்கொண்டே உள்ளே வந்தான்.

"என்னடா ஆச்சு?" என்று பதறினாள் அக்கா.

"தெருமுனைப் பள்ளத்துல வண்டியோட விழுந்துட்டேன்க்கா."

"அத விடு மாப்ளே, இதப் பாரு! எங்கயாவது தண்ணி நிக்குதா?"

"அசத்திட்டீங்க மாமா!"

"முதல் தடவைடா. அதான் பயந்து பயந்து செஞ்சேன்."

மனைவி மருந்துப் பெட்டியைத் திறந்தபடி சொன்னாள்: "நிஜந்தான். முப்பது வருஷ ரோடு இன்ஜினீயர் உத்தியோகத்துல, இன்னிக்குத்தான் ஒரு ரோட்ட ஒழுங்கா போட்டிருக்கீங்க!"