கல்வெட்டில் வேறு பெயர்

கயிறு சரியாக ஓடுகிறதா என்று பார்க்கத்தான் ஜெயராஜ் லேசாக இழுத்தான். திரை, கம்பி, கம்பியைத் தாங்கிய ஸ்க்ரூ எல்லாம் சேர்ந்து அவன் தலையிலேயே இறங்கின.

திறப்பு விழாவுக்கு வரவேண்டிய ஒய்.பி., அதாவது தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர், இன்னும் ஷா ஆலம் பக்கம் ஜாமில் நின்றுகொண்டிருந்தார். அவர் திறக்க வேண்டிய கல்வெட்டை, பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளரான ஜெயராஜ், தலையில் வெல்வெட் துணியோடு திறந்து வைத்துவிட்டான்.

கூட்டம் சிரித்தது. துணியை விலக்கியபடி அவனும் சிரித்தான். போன தீபாவளி விருந்தில் மைக் ஒயர் தடுக்கிப் பாயசத்தோடு விழுந்தவனுக்கு இதெல்லாம் பழக்கம்தான்.

பிறகு கல்வெட்டைப் பார்த்தான்.

'மாரியாயி அறிவியல் கூடம்.'

டாக்டர் இராஜம்மா என்றல்லவா இருக்க வேண்டும்?

இராஜம்மா, கிள்ளானில் இதே தமிழ்ப்பள்ளியில் படித்தவர். வெளிநாட்டில் பேராசிரியர். கடுங்குளிரில் எலெக்ட்ரான்கள் தங்கள் சண்டையை விட்டுவிட்டு எப்படி ஒத்துப்போகின்றன என்று வெறும் காகிதத்தையும் பென்சிலையும் வைத்துக்கொண்டு சொன்னவர். கருவிகளோடு தேடியவர்கள் 'ஆமாம், சரிதான்' என்று சொல்லி முடிக்கப் பல வருஷம் ஆனது.

வரவேற்புரைக்காக இதையெல்லாம் திரும்பத் திரும்பப் படித்தான் ஜெயராஜ். அவனுக்குப் புரிந்தது ஒன்றே ஒன்றுதான். சங்கக் கூட்டம் நடக்கும் அறைக்கு உடனே நன்றாகக் குளிரும் ஒரு ஏர்கோன் வாங்க வேண்டும்.

ஆனாலும் அந்தப் பெயருக்காக ஒரு வருஷம் மல்லுக்கு நின்றான். நாலாம் ஆண்டு படிக்கும் அவன் மகள் ஷாமினி தினமும் இந்த வாசலில்தான் நுழைவாள். நிமிர்ந்து பார்த்தால் தன்னைப்போல ஒரு பெண்ணின் பெயர், விஞ்ஞானியின் பெயர், தெரியட்டும் என்றுதான்.

மாரியாயி யாரென்று அவனுக்குத் தெரியும். சங்கத் தலைவர் பக்கிரிசாமியின் அம்மா. அதோ முதல் வரிசையில், விழாவுக்கு வந்திருக்கும் டாக்டர் இராஜம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில், முறுக்கு கடித்துக்கொண்டிருக்கிறார். பாவம், மரியாதைக்காக டாக்டரும் அவரோடு பேசிக்கொண்டிருக்கிறார்.

"என்னண்ணே இது?"

"அப்புறம் பேசலாம் லா," என்றார் பக்கிரிசாமி, அவன் முகத்தைப் பார்க்காமல்.

தலைமையாசிரியையைக் கேட்டான். "மொதல்ல தலைக்கு ஐஸ் வைங்க சார்," என்று நழுவினார். கல் செதுக்கியவர் ஓரமாக நின்றிருந்தார். அவரையும் விடவில்லை. "குடுத்த பேரைத்தான் வெட்டுனேன், பாஸ்."

ஜெயராஜுக்குக் காது சூடேறியது. வாழ்நாளெல்லாம் உழைத்தவளின் பெயரைச் சுரண்டி எறிந்துவிட்டு, தலைவர் பதவியில் இருப்பவன் தன் வீட்டுப் பெயரை ஒட்டிக்கொள்வதா? எல்லாவற்றையும் சிரித்தே கடந்தவனுக்கு இதை மட்டும் கடக்க முடியவில்லை.

"சொந்த அம்மா பேரைப் போட்டுக்கிட்டீங்க, சரி," என்றான் கூட்டமே கேட்கும்படி. "அவங்க என்னண்ணே சயின்ஸ் படிச்சாங்க? ரசத்துக்குப் புளி கரைச்சதா?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

பக்கிரிசாமி டாக்டரைப் பார்த்தார். முறுக்குக் கடிக்கிற சத்தம் நின்றது. மாரியாயி கைப்பையில் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, அப்போதுதான் சுவரை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏய் ராஜி," என்றார். "என்னடி பண்ணி வச்சிருக்க?"

உலகம் அறிந்த பேராசிரியையை இந்த ஊரில் ஒருவர் 'டி' போட்டுக் கூப்பிடுவதை ஜெயராஜ் அன்றுதான் கேட்டான்.

இராஜம்மா எழுந்தார். தனக்குப் போர்த்துவதற்காக மேசைமேல் வைத்திருந்த பொன்னாடையை எடுத்து மாரியாயியின் தோளில் போட்டார். பிறகு ஜெயராஜ் பக்கம் திரும்பினார்.

"நான்தான் மாத்தச் சொன்னேன், தம்பி. மேடையில நானே சொல்லிக்கிறேன், அதுவரைக்கும் வாயத் தொறக்காதீங்கன்னு இவங்ககிட்ட எல்லாம் சொல்லி வச்சிருந்தேன். நீங்கதான் திரையவே புடுங்கிட்டீங்களே."

பல வருஷத்துக் கோபம் ஒன்று அவர் குரலில் நேற்று வந்ததுபோல் புதிதாக இருந்தது.

"இந்தப் பள்ளிக்கூடத்துல கணக்குல இவதான் ஃபர்ஸ்ட்டு. இடைநிலைப்பள்ளிக்குப் போயி ஃபார்ம் த்ரீ பரீட்சையிலயும் இவதான். நான் எப்பவும் ரெண்டாவது. ஃபர்ஸ்ட்டா வந்தவளப் பதினாறு வயசுல கட்டிக் குடுத்துட்டாங்க. ரெண்டாவதா வந்தவளுக்கு மாலை போட நீங்க எல்லாரும் வந்திருக்கீங்க."