வீட்டுக்காரர் பேர்

"ராணுவ ஆஸ்பத்திரியில சேக்கணும்னா நாங்க அனுமதிச் சீட்டு குடுக்கணும். வீட்டுக்காரர் பேரைச் சொல்லும்மா."

முன்னாள் ராணுவத்தினர் அலுவலகக் குமாஸ்தா சோலைமலை பேனாவைத் திறந்தார்.

"பேயாண்டி," என்றாள் அன்னக்கொடி, பட்டென்று.

சோலைமலை பேனாவை மூடிவிட்டார். புருஷன் பேரைக் கேட்டால், எழுமலைப் பக்கத்துப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு, கூட வந்தவரைத்தான் சொல்லச் சொல்வார்கள். இருபது வருஷமாகப் பார்க்கிறார்.

"நெசமாச் சொல்லு, நீ அவரு சம்சாரம்தானா? கட்டுனவ இப்படிப் பேரைச் சொல்லுவாளா?"

"தெனமும் நூறு தடவை சொல்றேன்யா. பங்களாதேஷ் சண்டையில தலையில அடிபட்டதுல இருந்து, என்னைய யாருனு அவுகளுக்குத் தெரியலை. அவுக பேரையாச்சும் மறந்துறக் கூடாதுல்ல?"

ஜன்னல் பக்கம் திரும்பி, "பேயாண்டி!" என்று கூப்பிட்டாள்.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தவர் சட்டென்று எழுந்து விறைப்பாக நின்றார்.

"எஸ் சார்!"

அன்னக்கொடி பூரித்துப்போனாள். "என்னைய ஆபீசருனு நெனச்சுக்கிறாக. ஆனா பேரு மறக்கலை, பாத்தீகளா!"

சோலைமலை மறுபடியும் பேனாவைத் திறந்தார். 'உறவு' என்ற இடத்தில் 'மனைவி' என்று எழுதி, இரண்டு முறை அடிக்கோடிட்டார்.