சூளைக் கழுதைகளின் போராட்டம்

ஒரு செங்கல் சூளையில் மூன்று கழுதைகள் கல் சுமந்தன. இருபது கல் ஏற்றிய முதுகில் மேஸ்திரி முப்பது கல் ஏற்றத் தொடங்கினார். மூத்த கழுதை கருமூக்கன் மற்ற இருவரையும் அழைத்தான்.

"நாளைக்கு மூன்று பேரும் சேர்ந்து படுத்துவிடுவோம். ஒருத்தர் நடந்தாலும் காரியம் கெட்டுப்போகும்."

சடையன் உடனே தலையாட்டினான். புள்ளியம்மாள் தயங்கினாள். "அண்ணே, போன மாதம்தான் குட்டி போட்டேன். அடி விழுந்தால் தாங்குவேனா தெரியலை. ராத்திரி முழுக்க யோசிச்சுச் சொல்றேனே."

உரிமைக்காக ஊர் ஊராக அடி வாங்கிய கருமூக்கனுக்கு அது பொறுக்கவில்லை. "பிறவி அடிமைக்கு யோசனை வேறயா?" என்றான். சடையன் விழுந்து விழுந்து சிரித்தான். அந்தச் சிரிப்பு கருமூக்கனுக்கு இனித்தது. குட்டியையும் சேர்த்து இன்னும் நாலு வார்த்தை சொன்னான்.

காலையில் இருவர் படுத்தார்கள். புள்ளியம்மாள் நின்றாள்.

"படு, தாயி," என்றான் கருமூக்கன்.

"அடிமைக்கு எதுக்கு அண்ணே போராட்டம்? நீங்க படுங்க," என்று சொல்லிவிட்டு முப்பது கல்லோடு நடந்தாள்.

"அவள் நடக்கிறாளே, உங்களுக்கென்ன கேடு?" என்று மேஸ்திரி பிரம்பை எடுத்தார்.

மதியம் மூவரும் முப்பது கல்லோடு மேட்டில் ஏறினார்கள். புள்ளியம்மாளின் கால் வழுக்கியது. கருமூக்கன் பின்னாலிருந்து தோள் கொடுத்தான். அவள் ஏறி முடித்தாள், திரும்பிப் பார்க்கவில்லை.

"துரோகி! நல்லா நாலு கேளுங்க அண்ணே," என்றான் சடையன்.

நாலு சூளைகளில் பேசிப் பேர் வாங்கிய கருமூக்கன், அடுத்த மேட்டுக்கும் தோள் கொடுக்க அவளுக்குப் பின்னாலேயே நடந்தான்.