வீட்டில் எடுத்த ரத்தம்

"நடந்தா வந்தீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா. ரத்த ரிப்போர்ட்டைப் பிடித்திருந்த அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"மூணு மாடியும் நடந்துதான் வந்தேன். லிஃப்டே வேணாம்னுட்டேன்" என்று நெஞ்சை நிமிர்த்தினார் கிரேன் ஓட்டுநர். பின்னாலேயே மூச்சு வாங்க வந்த மனைவி, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள்.

"இவ இரும்பு மாதிரி. ஒரு தலைவலி மாத்திரைகூடப் போட்டதில்ல. மாடிப்படிதான் ஆகாது" என்றார் கணவர் பெருமையாக.

அவருக்குச் சர்க்கரை வந்து பன்னிரண்டு வருடம். உடம்பு நன்றாக இருக்கிறது என்று டாக்டரம்மா கையெழுத்துப் போட்டால்தான் கம்பெனி அவரை மறுபடி கிரேனில் ஏற்றும். இல்லாவிட்டால் இந்த மாதத்தோடு வேலை போச்சு.

கையெழுத்துப் போட டாக்டரம்மாவுக்கும் ஆசைதான், ரிப்போர்ட் விட்டால்தானே! சர்க்கரை ஏறியிருந்தது, அது பழைய கதை. வைட்டமின் டி பாதாளத்தில் கிடந்தது. துத்தநாகம் குறைவு, ஈரல் என்சைம் கொஞ்சம் கூடுதல். அவற்றையெல்லாம் மாத்திரையில் சமாளித்துவிடலாம். கிட்னியின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினின் எகிறியிருந்தது; ஐந்தரையைத் தாண்டக் கூடாத பொட்டாசியம் ஏழரையில் நின்று மிரட்டியது.

நம்ப முடியாமல் லேபுக்குப் போன் போட்டார். "ட்யூப் எதையாவது மாத்தி வச்சிட்டீங்களா?"

"இல்லை மேடம். ரெண்டு தடவை பாத்துட்டோம். காலைல அவர் வீட்டுக்கே போய் எடுத்த ரத்தம்தான்."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "ஊசியக் கண்டாலே ஊரைக் கூட்டுவீங்களே, இன்னிக்கு எப்படி?"

"எடுக்க வந்தது என் மச்சினன்தானே! குத்தினதே தெரியல டாக்டரம்மா" என்று மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தார் ஓட்டுநர். அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். அதற்குள் பாட்டில் காலியாகியிருந்தது.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. மணியை அழுத்தி நர்ஸை அழைத்தார்.

"சட்டையக் கழட்டிட்டு அந்தக் கட்டில்ல படுங்க. ஈசிஜி எடுக்கணும், இப்பவே."

"அப்போ சர்டிஃபிகேட்?"

"உயிர் இருந்தாத்தான் சர்டிஃபிகேட்! கிட்னி ரெண்டும் கெட்டிருக்கு. இந்த ரத்தம் ஓடுற உடம்புல இதயம் எந்த நிமிஷமும் நின்னுடும். சொல்லாம கொள்ளாம, உக்காந்த இடத்துலயே."

ஓட்டுநரின் சிரிப்பு செத்தது. பொத்தானுக்குப் போன கை பாதியில் நின்றது. அவர் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

அவள் தலையைச் சுவரில் சாய்த்திருந்தாள். வீங்கிய பாதத்தில் செருப்பு வார் பதிந்து கிடந்தது. "ஒண்ணுமில்லைங்க, லேசா படபடன்னு வருது" என்றாள்.

நாற்காலி கீழே விழ எழுந்தார் அவர்.

"கட்டில்ல இவளப் படுக்க வைங்க டாக்டரம்மா... அது இவ ரத்தம்!"