டிக்கிக்கு எதுக்கு மோட்டார்?

"ஏன், என் கை என்ன முறிஞ்சா கிடக்கு? ஒரு டிக்கியைத் திறந்து மூடத் தெரியாதா எனக்கு?"

பெரியவர் போட்ட சத்தத்தில், ஷோரூமின் மறுகோடியில் வண்டி துடைத்துக்கொண்டிருந்தவர் துணியைக் கீழே போட்டுவிட்டார். கண்ணாடி அறைக்குள் காபியை வாயருகே கொண்டுபோன மேலாளர், குடிக்காமலே வைத்துவிட்டு எழுந்தார். ஞாயிற்றுக்கிழமை சனியன் வந்தாகிவிட்டது.

அந்தப் பட்டப்பெயரை வைத்தது மேலாளர்தான். ஒரு மாதமாக ஞாயிறு தவறாமல் வந்துகொண்டிருக்கிறார் மனுஷன். வந்ததும் வராததுமாக, "அந்தப் பொண்ணைக் கூப்பிடு" என்பார். விற்பனைப் பிரிவில் வேறு யார் போனாலும் முகம் கொடுத்துப் பேசமாட்டார். அவள் வந்துவிட்டாலோ, முதல் நாளிலிருந்தே 'நீ, வா, போ'தான். பிறகு அந்த மின்சாரக் காரின் பின்னால் நின்றுகொண்டு குடுமிப்பிடிச் சண்டை. பித்தானை அழுத்தினால் தானாகத் திறந்து மூடும் டிக்கிதான் எப்போதும் வம்புக்குக் காரணம்.

அவர் மனைவி ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. வாசலில் நிற்கும் பழைய காரிலேயே உட்கார்ந்திருப்பார். வெயிலாக இருக்கிறதே என்று மேலாளர் ஒருமுறை போய் அழைத்தபோது, "வேண்டாம் தம்பி, இங்கேருந்தே நல்லாத் தெரியுது" என்றார். இப்படிப்பட்ட மனுஷனோடு குடித்தனம் நடத்தும் புண்ணியவதி, கொஞ்ச நேரமாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று மேலாளர் விட்டுவிட்டார்.

இன்று மேலாளர் காபியைக்கூட விட்டுவிட்டு எழுந்ததற்குக் காரணம் வேறு. காலையில்தான் முதலாளி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: அந்தப் பெண்மேல் இன்னொரு புகார் வந்தால் அன்றோடு அவள் வேலை போச்சு. அவளைக் கூப்பிட்டு அதையும் சொல்லியாகிவிட்டது. அவள் தலையை ஆட்டினாளே தவிர, வாயை அடக்கியதாகத் தெரியவில்லை.

"பெரிய வண்டி, பின்கதவு மொத்தமும் மேல போகுது, அதுக்கு மோட்டார் வை. ஒத்துக்கறேன்." பெரியவர் இடது கையால், திறந்து நின்ற டிக்கி மூடியின் ஓரத்தைத் தட்டினார். "இது என்ன, ஒரு முறம் அளவு மூடி. விரலால தள்ளலாம். இதுக்குப் போய் ஒரு மோட்டார், அது ரிப்பேர் ஆனா அதுக்கு வேற தண்டச் செலவு. சோம்பேறிங்களுக்குன்னே செஞ்சிருக்கான்!"

"கை நிறையச் சாமானோட வந்தா, பம்பருக்கு அடியில காலை ஆட்டினாப் போதும் சார். தானாத் திறக்கும்."

"காலை ஆட்டணுமா? இந்த வயசுல நடுரோட்டுல நின்னு என்னை டான்ஸ் ஆடச் சொல்றியா?"

"மூடி லேசுதான் சார்." அவள் குரலில் மரியாதை இருந்தது, முகத்தில் துளியும் இல்லை. "ஆனா திறந்தா தலைக்கு மேல போய் நிக்குது. மூடணும்னா கையை மேல நீட்டணும்."

"நீட்டறேன். உனக்கென்ன?"

"வலது கையை உங்களால தோளுக்கு மேல தூக்க முடியாது."

பெரியவர் வலது கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார். மேலாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாங்க வந்தவரின் உடம்பில் குறை சொல்லும் விற்பனைப் பெண்ணை அவர் இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை.

"மோட்டார் இல்லாத சாதா மாடலையே போடு!" பெரியவர் மறுபடி கத்தினார். "இப்பவே கட்டறேன் பணத்தை."

"போடமாட்டேன்."

"என்னது?"

"உங்களுக்குச் சாதா மாடலை நான் போடமாட்டேன் சார். அதுதான் வேணும்னா வேற ஷோரூம் பாத்துக்குங்க."

"பாத்தியா திமிரை! பெரியவங்க பேச்சைக் கேக்கற பழக்கமே கிடையாது!"

"பெரியவங்க சரியாச் சொன்னா கேப்பேன்."

மேலாளருக்கு இதற்குமேல் பொறுக்க முடியவில்லை. ஓட்டமும் நடையுமாக வந்து இருவருக்கும் நடுவில் நின்றார். பெரியவரிடம் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவள் பக்கம் திரும்பினார்.

"காலையிலதானே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்? வாங்க வந்தவரை வேற கடைக்குப் போன்னு சொல்றியே, உனக்கு அறிவிருக்கா? பையை எடுத்துட்டுக் கிளம்பு. நாளையிலேருந்து வரவேண்டாம்."

அவள் முகம் வெளுத்துவிட்டது. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி மேலாளர் கையில் வைத்தாள்.

பெரியவர் உச்சி குளிர்ந்துபோவார் என்றுதான் மேலாளர் நினைத்தார். ஆனால் மனுஷன் கண் சிவக்க அவர்மேலேயே பாய்ந்தார்.

"யோவ், யாரைப் பாத்து அறிவிருக்கான்னு கேக்கறே?"

"சார், உங்களுக்காகத்தான்..."

"நான் திட்டுவேன். நீ யாருய்யா திட்டறதுக்கு? அட்டையை அவகிட்டக் குடு. அவ சொன்ன வண்டியையே எழுது. அந்த மோட்டார் வச்ச சனியனையே எழுது!"

மேலாளர் ஒன்றும் புரியாமல் அட்டையை நீட்டினார். அவள் அதை வாங்கவில்லை. கண்ணில் நீர் முட்ட, டிக்கியின் பித்தானை அழுத்தினாள். மூடி மெல்ல இறங்கி, தானாகச் சாத்திக்கொண்டது. அதுவரை அது மறைத்திருந்த வாசலில், பழைய காரும் அதன் ஜன்னலோரம் ஒரு முகமும் தெரிந்தன.

பெரியவரின் குரல் முதல்தடவையாக இறங்கியது.

"போதும்மா. இன்னும் எத்தனை வாரம்தான் உங்கம்மா உன்னைக் கண்ணாடி வழியாவே பாத்துட்டிருப்பா?"