வாடகைத் தொட்டில்

“பீவிம்மா, பையன் நடக்க ஆரம்பிச்சுட்டான். இந்தாங்க உங்க தொட்டில்.” அலமு தலைச்சுமையாய்க் கொண்டுவந்த வாடகைத் தொட்டிலைக் கடைவாசலில் இறக்கினாள்.

ரம்ஜான் பீவியின் முகம் வெளுத்தது. “ஏன் புள்ள இப்பவே கொண்டாந்தே? பாராடாங் தீவுல மஸூதாவுக்குப் பிள்ளை பிறந்ததும் நேரா அங்க அனுப்பியிருப்பேனே!”

“அப்ப எனக்கே வித்துடுங்க, அடுத்த பிள்ளைக்கு ஆகும்.”

“விக்க மாட்டேன். பலகை மாத்தி, ஆணியடிச்சு, நாம குடியேறின இந்த செட்டில்மென்டு முழுக்க வீடு வீடா போய்க்கிட்டே இருக்கணும். காலியா மட்டும் நிக்கக் கூடாது.”

“லாபத்துல அவ்வளவு ஆசையா?” அலமு சிரித்தாள்.

“லாபமா? மெயின்லேண்டுலேருந்து வந்த கப்பல்ல என் பிள்ளை இதுலதான் கண்ணை மூடுச்சு. பக்கத்துல இன்னொரு பிள்ளை படுத்தாத்தான் அது அழாம இருக்கு.”

அலமுவின் இடுப்பிலிருந்த பையன், தினமும் விளையாடுகிற ஆளைக் கண்டதுபோல், தொட்டிலுக்குள் கையை நீட்டிச் சிரித்தான்.