இன்னும் ஒரு கல் உப்பு

“டிங் டாங்!”

“ஐயையோ, வந்துட்டாங்க!” என்று சமையல்காரன் பதறியதில், கையிலிருந்த கரண்டி கீழே விழுந்து ஊரைக் கூட்டியது.

பன்னிரண்டரைக்கு வருவதாகச் சொன்னவர்கள் பன்னிரண்டுக்கே வந்து நிற்கிறார்கள். அதுகூடப் பரவாயில்லை. சூப்பில் உப்புப் போட்டாயிற்றா, இல்லை, போடப் போகும்போதுதான் மணி அடித்ததா? எவ்வளவு யோசித்தும் அவனுக்கு ஞாபகம் வரவில்லை.

வேறு சமையல்காரனாக இருந்தால் ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்துக்கொள்வான். இவனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒன்பது நாளுக்கு முன் விட்டுப்போன ஜலதோஷம், போகும்போது வாசனையையும் ருசியையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. காலையில் பல் தேய்ப்பது பற்பசையாலா, ஷேவிங் கிரீமாலா என்பதையே ட்யூபில் இருந்ததைப் படித்துத்தான் தெரிந்துகொண்டான். “தானா திரும்பி வந்துடும், ரெண்டு மூணு வாரம் ஆகும்” என்றார் டாக்டர். வேலை பார்க்கும் ஓட்டலில் லீவு கொடுத்துவிட்டார்கள். இந்த விருந்துக்கு யாரிடம் போய் லீவு கேட்பது?

வந்திருப்பவர் லேசுப்பட்டவர் இல்லை. காதலியின் அப்பா. பிஸ்கட் கம்பெனியில் ருசி பார்த்து மார்க் போடுவது அவர் உத்தியோகம். வீட்டிலும் அதே உத்தியோகம்தான்.

“சமைச்சுப் பொழைக்கிறவன்னு சொல்ற. அவன் கையால ஒரு வேளை சாப்பிடறேன். என் நாக்கு சரின்னா நானும் சரி. இல்லேன்னா இந்தக் கல்யாணப் பேச்சையே எடுக்கக் கூடாது” என்று மகளிடம் கறாராகச் சொல்லியிருந்தார். அடுத்த மாதம் என்றிருந்த விருந்தை அவளுடைய அம்மா திடீரென்று இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இழுத்து வந்துவிட்டாள்.

‘வந்தது வரட்டும்’ என்று ஒரு கரண்டி உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கிவிட்டு, ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். காதலியும் அவள் அப்பா அம்மாவும் நின்றிருந்தார்கள்.

அப்பா உள்ளே வந்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. கண்ணை மூடி மூச்சை உள்ளிழுத்தார். “ம்ம்... மிளகுத்தூள் பழசு.”

காலையில்தான் வாங்கிய மிளகு. ஆனால் மூக்கு செத்தவன் எந்த முகத்தோடு எதிர்வாதம் செய்வது?

“தண்ணி எடுத்துட்டு வரேன்” என்ற சாக்கில் காதலி சமையலறைக்குள் நுழைந்தாள். அவன் அவசரமாகக் கரண்டியை நீட்டினான்.

“சீக்கிரம் இதக் குடிச்சுப் பாரு. உப்பு ரெண்டு தடவ விழுந்துடுச்சோன்னு பயமா இருக்கு.”

குடித்தாள். கண் கலங்கிவிட்டது.

“என்னாச்சு?”

“ஒண்ணுமில்ல... அவ்வளவு நல்லா இருக்கு.”

“சத்தியமா?”

“உங்கிட்டப் போய்ப் பொய் சொல்வேனா? இப்படியே கொண்டு வா. தயவு செஞ்சு இனிமே எதையும் போடாத!”

தன் சமையலுக்கு ஒருத்தி கண்ணீர் விடுவது இதுதான் முதல் தடவை. பாதி உயிர் திரும்பி வந்தது அவனுக்கு.

மேஜையில் அப்பா முதல் கரண்டி சூப்பை வாயில் வைத்து இடது கன்னத்துக்கும் வலது கன்னத்துக்குமாக உருட்டினார். விட்டத்தைப் பார்த்தார். விழுங்கினார். இரண்டாவது கரண்டி. மூன்றாவது கரண்டி. முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

அம்மா ஒரு வாய் குடித்ததும் ஒரு தம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் காலி செய்தாள். “வெளியில நல்ல வெயில்” என்றாள். அடுத்த தம்ளரையும் நிரப்பிக்கொண்டாள்.

“சொல்லட்டுமா?” என்றார் அப்பா.

“சொல்லுங்க சார்.”

“கேரட் முதல்ல வருது. வெங்காயம் அதுக்குப் பின்னால மெதுவா எட்டிப் பாக்குது. வெண்ணெய் தன் வேலைய முடிச்சிட்டு மரியாதையா ஒதுங்கி நிக்குது. உப்புதான்...”

நிறுத்தினார்.

“உப்புதான் இன்னும் ஒரே ஒரு கல் போட்டிருக்கலாம்.”

அம்மாவுக்குப் புரையேறியது. மகள் அவள் முதுகைத் தட்டினாள். குனிந்திருந்த மகளின் தோளும் எதற்கோ குலுங்கியது.

“மத்தபடி குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. பையன் கை நல்ல கை. ஆக வேண்டியதப் பாருங்க” என்று சொல்லிவிட்டு, அப்பா கிண்ணத்தைச் சாய்த்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

சாப்பாடு முடிந்து அவர் பால்கனியில் காற்று வாங்கப் போனதும், அம்மா தன் சூப் கிண்ணத்தோடு சமையலறைக்கு வந்தாள். கிண்ணம் அப்படியே நிறைந்திருந்தது.

அவனுக்கு மனசாட்சி உறுத்தியது. “ஆன்ட்டி, ஒரு உண்மையச் சொல்லிடறேன். ஒம்பது நாளா எனக்கு ருசியே தெரியல. குத்துமதிப்பாத்தான் சமைச்சேன்.”

“தெரியும். மக சொன்னா.”

“உப்பு... சரியா இருந்துச்சுல்ல?”

“கடல் தண்ணியக்கூடக் குடிச்சிடலாம் மாப்ள. இது தொண்டைக்குள்ளயே இறங்கல.”

“அப்ப சார் மட்டும் எப்படி ஒரு சொட்டு விடாம...”

அம்மா பால்கனிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

“நாக்கு நல்லா இருந்த இருபத்தாறு வருஷத்துல அந்த மனுஷன் யார் சமையலையும் நல்லா இருக்குன்னு சொன்னதில்ல, போன திங்கட்கிழம நான் மறந்துபோய்ச் சர்க்கரையே போடாம குடுத்த டீய, ‘இனிப்பு ஜாஸ்தி’ன்னு திட்டிக்கிட்டே குடிச்சாரு பாருங்க, அந்த நிமிஷமே இந்த விருந்த ஞாயித்துக்கிழமைக்கு மாத்திட்டேன்!”